உண்மையும் உலகும்: ஒரு வெல்ஷ் குடும்பத்தின் வேர்கள்

வேல்ஸ் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த ஒருவரின் குடிவழியைத் தேடப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை கடலன்று; பெயரே. ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவான்ஸ், தாமஸ் என்னும் சில குடிப்பெயர்களுக்குள் அந்நாட்டு மக்களின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஒரே சிற்றூரில், ஒரே தலைமுறையில், ஒரே பெயரோடு பலர் வாழ்ந்திருப்பர். அவர்களுள் கப்பலேறியவர் எவர், ஊரிலேயே மண்ணில் கலந்தவர் எவர் என்று பிரித்தறிவதற்குப் பெயரை விடுத்து வேறு துணைகளை நாட வேண்டும். ஊர், தொழில், வழிபட்ட ஆலயம், பேசிய மொழி, குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை ஆகியனவே அத்துணைகள்.

இவற்றுள் கதை என்பது எத்துணை உறுதியான சான்று? ஏட்டில் உள்ளது மட்டுமே வரலாறு என்றால், வாய்மொழியாய் வந்ததெல்லாம் வெறும் புனைவா? இவ்வினாவுக்கு விடை காண ஒரு குடும்பத்தின் வரலாறு பெரிதும் உதவும். இருபதாம் நூற்றாண்டின் பெருங்கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் என்பாரின் தாய்வழிக் குடும்பமே அது. 1844ஆம் ஆண்டு வேல்ஸை விட்டு நீங்கிய ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் தொப்பித் தொழிலாளியே அக்குடும்பத்தின் புலம்பெயர்ந்த மூதாதை.

பெயரின் புதிர்

பழைய வெல்ஷ் மக்களுக்கு நிலையான குடிப்பெயர் என்பது இருந்ததில்லை. இன்னாரின் மகன் இன்னார் என்பதே அவர்தம் பெயர்முறை. மகன் என்னும் பொருளுடைய 'ஆப்' அல்லது 'ஆப்'-இன் மெலிந்த வடிவமான 'அப்' என்ற சொல் தந்தை பெயருக்கும் மகன் பெயருக்கும் நடுவே நிற்கும். 1282இல் மாண்ட வெல்ஷ் இளவரசர் லெவலின் ஆப் கிரிஃபித் என்பாரின் பெயர், கிரிஃபித்தின் மகன் லெவலின் என்றே பொருள்படும். சிலர் தந்தையோடு நில்லாது பாட்டன், முப்பாட்டன் என ஐந்தாறு தலைமுறைகளையும் தம் பெயரில் கோத்துச் சொல்வர். அங்ஙனம் சொல்லும்போது ஒருவரின் பெயரே அவரது குலமுறை கிளத்தும் பாட்டாகிவிடும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் தாங்கும் தமிழர்க்கு இம்முறை விளங்காததன்று. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையின் தொழிலும் மகனின் பெயரும் ஒருங்கே நிற்பதைச் சங்க இலக்கியம் பயில்வோர் அறிவர்.

1536, 1543ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் ஆட்சிமுறைக்குள் முழுமையாக இணைக்கப்பட்டது. நீதிமன்றமும் வரிக்கணக்கும் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கில எழுத்தர்க்கு நீண்ட பெயர்க்கோவை ஒவ்வவில்லை. 'ஆப் ரீஸ்' பிரைஸ் ஆயிற்று. 'ஆப் ஹவல்' பவல் ஆயிற்று. 'ஆப் ஹியூ' பியூ ஆயிற்று. 'ஆப் ஓவைன்' போவன் ஆயிற்று. ஜானின் மகன் ஜோன்ஸ் ஆனான். 'ஜ' ஒலிக்குரிய எழுத்தே பழைய வெல்ஷ் நெடுங்கணக்கில் இல்லை. எனினும் அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு பெயரே வெல்ஷ் மக்களுக்குரிய அடையாளம் போல் நிலைத்துவிட்டது. மேற்கு வேல்ஸின் நாட்டுப்புறங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் பழைய முறை மறையாது இருந்தது. ஆகவே தந்தைக்கு ஒரு குடிப்பெயரும் மகனுக்கு வேறொரு குடிப்பெயரும் அமைந்திருப்பதைப் பதிவேடுகளில் காணலாம்.

ரிச்சர்டு ஜோன்ஸ் 1799இல் பிறந்தவர். அவர் மனைவி மேரி, லாயிட் என்னும் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் மாலி என்று அழைக்கப்பட்டவர். 'லாயிட்' என்பது நரைநிறத்தைக் குறிக்கும் வெல்ஷ் சொல்லின் ஆங்கிலத் திரிபு. தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் இணைத்து, பிள்ளைகள் தம்மை லாயிட் ஜோன்ஸ் என்று அழைத்துக்கொண்டனர். ஆயிரக்கணக்கான ஜோன்ஸ்களுக்கு இடையே தம்மை வேறுபடுத்திக் காட்டுவதற்கு வெல்ஷ் குடும்பங்கள் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. பின்னாளில் பேரன் பிராங்க், தந்தைவழிப் பெயரான ரைட் என்பதற்கு முன்னால் லாயிட் என்பதைத் தாங்கினார். ஒரு பாட்டியின் பிறந்தகப் பெயர் இவ்வாறுதான் உலகப் புகழ் பெற்றது.

கரும்புள்ளி நாடு

மேற்கு வேல்ஸில் கார்டிகன்ஷயர் என்று ஆங்கிலேயராலும் கெரெடிகியோன் என்று வெல்ஷ் மக்களாலும் வழங்கப்படும் மாவட்டத்தில், டெய்வி ஆற்றங்கரையில் லாண்டிசுல் என்னும் ஊர் உள்ளது. புனித டிசுலின் ஆலய வளாகம் என்பது அதன் பொருள். ரிச்சர்டின் குடும்பம் இவ்வூரைச் சார்ந்த மலைப்பாங்கான பகுதியில் வாழ்ந்தது. வெல்ஷ் பெண்டிர் அணிந்த உயரமான கருந்தொப்பிகளைச் செய்வது ரிச்சர்டின் தொழில். அத்தொழிலோடு சிறிது உழவும் செய்தார். ஓய்வுநாளில் ஆலயத்தில் மறையுரையும் ஆற்றினார்.

டெய்வி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் கார்டிகன் நகரம் இருக்கிறது. அங்குள்ள கோட்டையில் 1176ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரீஸ் ஆப் கிரிஃபித் என்னும் தலைவர் கவிஞர்க்கும் இசைவாணர்க்கும் போட்டி நடத்தி, வென்றோர்க்கு இருக்கை அளித்துச் சிறப்பித்தார் என்று பழைய வெல்ஷ் ஆண்டுக்குறிப்பு கூறுகிறது. ஐஸ்டெத்வோட் எனப்படும் வெல்ஷ் கவியரங்க விழாவின் தொன்மையை இந்நிகழ்ச்சியிலிருந்தே கணக்கிடுவர். மெய்யெழுத்துகளின் ஒத்திசைவை அடிதோறும் கட்டாயமாக்கும் கங்ஹானெத் என்ற யாப்புக் கட்டுப்பாடு அம்மொழிக்கு உண்டு. எதுகையும் மோனையும் அறிந்த காதுக்கு அதன் இன்பம் எளிதில் புலப்படும். உழவரும் தொழிலாளரும் இவ்யாப்பில் கவிபாடிய நாடு அது. தொப்பி செய்பவர் மறையுரையாளராகவும் விளங்கியது அம்மண்ணுக்குப் புதுமையன்று.

லாண்டிசுலுக்கும் அதன் வடக்கே உள்ள ஏரன் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியைச் சுற்றுவட்டாரத்து வைதீகக் கிறித்தவர் 'கரும்புள்ளி' என்று இகழ்ந்தனர். காரணம், அங்கு யூனிட்டேரியன் கொள்கை வேரூன்றியிருந்தது. கடவுள் ஒருவரே, மூவொருமை என்னும் கோட்பாடு ஏற்கத்தக்கதன்று, அறிவுக்கும் மனச்சான்றுக்கும் ஒவ்வாததை நம்பவேண்டியதில்லை என்பது அவர்தம் நிலைப்பாடு. 1813 வரை இக்கொள்கை பிரித்தானியச் சட்டத்தின் பாதுகாப்புக்கு அப்பாற்பட்டிருந்தது. இக்கொள்கை அப்பகுதியில் தோன்றுதற்கு நிலம் பண்படுத்தியவர் ஜென்கின் ஜோன்ஸ் என்னும் போதகர். அவர் 1733இல் லுவின்ரிதோவன் என்னுமிடத்தில் ஓர் ஆலயத்தைக் கட்டினார். சிலரே மீட்புக்கு முன்குறிக்கப்பட்டவர் என்ற கால்வினியக் கருத்தை மறுத்துப் போதித்தார். ரிச்சர்டின் குடும்பத்தார் இப்போதகரைத் தம் முன்னோர் உறவினராகப் போற்றினர். தம் பிள்ளைகளுள் ஒருவனுக்கு ஜென்கின் என்றே பெயரிட்டனர்.

அவ்வாலயத்தின் பிற்கால வரலாறு கவிஞர்கள் அறியவேண்டியது. வில்லியம் தாமஸ் என்னும் இயற்பெயருடைய கவிஞர் குவிலிம் மார்லஸ் 1860 முதல் அங்குப் போதகராக இருந்தார். குத்தகை உழவர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தமையால் நிலக்கிழாரின் சினத்துக்கு ஆளானார். 1876இல் ஆலயக் கதவு பூட்டப்பட்டது. போதகரும் சபையாரும் வெளியே நிறுத்தப்பட்டனர். மனம் தளராத மக்கள் புதிய ஆலயம் கட்டினர். அது திறக்கப்பட்ட 1879ஆம் ஆண்டிலேயே குவிலிம் மார்லஸ் மறைந்தார். அவரது புனைபெயரிலுள்ள ஆற்றின் பெயரே, அவருடைய உடன்பிறந்தார் வழிப் பேரனும் ஆங்கிலக் கவிஞருமான டிலன் மார்லஸ் தாமஸின் நடுப்பெயராயிற்று. ஊரை விட்டு நீங்கிய குடும்பமும் ஊரிலேயே நின்ற குடும்பமும் ஒரே ஆலயத்தின் நினைவை இருவேறு பெயர்களில் உலகுக்குக் கொண்டுசென்றன எனலாம்.

ஏடுகள் சொல்வன, சொல்லாதன

1844இல் ரிச்சர்டும் மாலியும் தம் ஏழு பிள்ளைகளுடன் நாட்டை விட்டு நீங்கினர். முன்னதாக 1839இலும், 1842 முதல் 1843 வரையிலும் மேற்கு வேல்ஸ் உழவர்கள் பெண்ணுடை தரித்து, இரவில் சுங்கச்சாவடிகளைத் தகர்த்த ரெபெக்கா கலகங்கள் அப்பகுதியை உலுக்கியிருந்தன. சாலைச் சுங்கம், குத்தகை, தாம் சேராத அரசத் திருச்சபைக்குத் தாமே கட்டவேண்டிய பத்திலொரு பங்கு வரி ஆகியவை உழவரை நசுக்கின. சமயத்தால் இகழப்பட்டும் வறுமையால் வாடியும் இருந்த குடும்பத்துக்கு, முன்னரே விஸ்கான்சின் சென்றிருந்த ரிச்சர்டின் தம்பி வழிகாட்டியானார்.

இக்குடும்பத்தின் அடிச்சுவட்டை ஏடுகளில் தேடுவோர்க்குக் கிடைப்பன யாவை? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தியவற்றை அரசத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளிலும், மறுப்பாளர் ஆலயங்கள் அரசிடம் ஒப்படைத்த பதிவேடுகளிலும் தேடவேண்டும். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தனியாட்களின் பெயர்கள் உள்ளன. ஆயின் பெரியவர்களின் வயது ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. வீட்டிலுள்ளோர் ஒருவர்க்கொருவர் என்ன உறவு என்பது குறிக்கப்படவில்லை. 1858க்கு முந்திய வெல்ஷ் உயில்கள் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. தாய்க்கும் மகளுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன பொருள் விடப்பட்டது என்று கூறும் அவ்வுயில்கள், ஜோன்ஸ்களின் காட்டில் வழிகாட்டும் விளக்குகள்.

அமெரிக்கக் கரையில் வேறு வகைச் சான்றுகள் உண்டு. எல்லிஸ் தீவில் முன்னோர் பெயரைத் தேடுவது பலர்க்கு வழக்கமாகிவிட்டது. ஆயின் அந்நிலையம் 1892இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய காசில் கார்டன் நிலையமோ 1855இல் தொடங்கியது. 1844இல் வந்திறங்கியவர்க்கு, 1820 முதல் கப்பல் தலைவர்கள் சுங்க அலுவலரிடம் அளித்த பயணிகள் பட்டியலே உண்டு. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த நாடும் முதன்முதல் எழுதப்பட்டன. 1880இல் பெற்றோர் பிறந்த நாடும் சேர்ந்தது. 1890ஆம் ஆண்டு ஏடுகளோ 1921இல் நேர்ந்த தீ விபத்தினாலும் அதன் பின்னரும் பெரும்பாலும் அழிந்துபட்டன. நாடு தெரிந்தாலும் ஊர் தெரிவதில்லை. அக்குறையைத் தீர்ப்பவை வெல்ஷ் மொழி இதழ்களே. 1851இல் நியூயார்க்கில் தொடங்கிப் பின்னர் யூட்டிகா நகருக்குச் சென்ற 'அ திரிஹ்' என்னும் செய்தித்தாளின் இறப்புச் செய்திகளில், மறைந்தவர் வேல்ஸில் எந்தப் பங்கில் பிறந்தார், எந்த ஆலயத்தைச் சேர்ந்தவர் என்பன குறிக்கப்பட்டிருக்கும். அரசு மறந்த ஊரைத் தாய்மொழி இதழ் நினைவில் வைத்திருந்தது.

இத்துணை ஏடுகள் இருந்தும் ஒரு செய்தி அமெரிக்கக் கணக்கெடுப்பு எதிலும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ரிச்சர்டு மாலி இணையரின் மகள்களுள் ஒருத்தியான சிறுமி நானி நோயுற்று இறந்தாள். வழியிலேயே அவளை அடக்கம் செய்துவிட்டுக் குடும்பம் மேற்கு நோக்கி நடந்தது. 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவள் அந்நாட்டுக்கு வரவில்லை. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவள் உயிரோடு இல்லை. அந்த மண்ணில் அவள் இருந்தாள் என்பதைக் குடும்பத்தாரின் வாய்மொழிதான் காத்தது. பேரப்பிள்ளைகள் காலத்தும் அச்சிறுமியின் கதை சொல்லப்பட்டது.

பள்ளத்தாக்கில் ஒரு குலம்

அவர்கள் முதலில் குடியேறியது விஸ்கான்சினில் ஐக்சோனியா என்னுமிடத்தில். அப்போது அது மாநிலமாகவும் ஆகவில்லை. 1848இல்தான் அத்தகுதி பெற்றது. காடு திருத்திக் கழனியாக்கிய பின், 1850களில் மேலும் மேற்கே சென்று, விஸ்கான்சின் ஆற்றின் அருகே ஸ்பிரிங் கிரீன் பகுதியில் நிலம் வாங்கினர். அமெரிக்காவில் மேலும் நான்கு பிள்ளைகள் பிறந்தனர். ஆண்மக்கள் பலர் அடுத்தடுத்துப் பண்ணைகள் அமைக்க, ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே குலத்தாருடையதாயிற்று. சுற்றியிருந்தோர் அவர்களைச் 'சர்வவல்லமை படைத்த ஜோன்ஸ்கள்' என்று பாதி வியப்பும் பாதி எள்ளலுமாக அழைத்தனர். பிராங்கின் தங்கை மாஜினெல் ரைட் பார்னி 1965இல் வெளியிட்ட குடும்ப வரலாற்று நூலுக்கு அந்தப் பட்டப்பெயரையே தலைப்பாக்கினார்.

வேல்ஸில் கைக்குழந்தையாக இருந்து கப்பலில் வந்த ஜென்கின் லாயிட் ஜோன்ஸ், உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் பீரங்கிப் படையில் பணிபுரிந்தார். போரை நேரிற் கண்டதால் வாழ்நாள் முழுதும் அமைதியின் தூதுவரானார். சிகாகோவில் யூனிட்டேரியன் போதகராக விளங்கிய அவர், 1893இல் அந்நகரில் கூடிய உலகச் சமயப் பேரவையின் அமைப்புக் குழுவுக்குச் செயலாளராக உழைத்தார். அப்பேரவைக்குத்தான் சென்னையில் அழசிங்கப் பெருமாள் உள்ளிட்ட அன்பர்கள் வீடுவீடாகப் பொருள் திரட்டி விவேகானந்தரை அனுப்பிவைத்தனர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரும் அவரை ஊக்குவித்தார். தம் நாட்டில் 'கரும்புள்ளி' என்று பழிக்கப்பட்ட ஒரு சமயத்தாரின் மைந்தர், உலகச் சமயங்கள் யாவும் ஒரே மேடையில் அமர்வதற்கு இருக்கைகள் ஒழுங்குசெய்தார் என்பது கருதத்தக்கது. 1915இல் ஹென்றி ஃபோர்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிய அமைதிக் கப்பலிலும் அம்முதியவர் பயணம் செய்தார்.

எல்லின், ஜேன் என்னும் சகோதரியர் இருவர் திருமணம் செய்துகொள்ளாது அப்பள்ளத்தாக்கில் உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்தினர். அவர்களின் மூத்த சகோதரி அன்னா 1866இல் வில்லியம் கேரி ரைட் என்னும் போதகரை மணந்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகனே பிராங்க். 1886இல் குடும்பத்தார் பள்ளத்தாக்கில் யூனிட்டி ஆலயத்தைக் கட்டியபோது, அவ்விளைஞரும் அக்கட்டடப் பணியில் உதவினார். ஆலயத்தைச் சூழ்ந்த இடுகாட்டில் குலத்தார் ஒருவர் பின் ஒருவராகத் துயின்றனர். முதியவர்களின் வழிபாட்டில் ஒலித்த வெல்ஷ் மொழி, அப்பேரர் தலைமுறையில் பேச்சு வழக்கிலிருந்து நழுவியது. எஞ்சியவை ஒரு குறிச்சொல்லும் சில பெயர்களுமே.

குறிச்சொல்லின் பிறப்பு

'உலகை எதிர்த்து உண்மை' என்பது அக்குடும்பத்தின் குறிச்சொல். கீழ்நோக்கி விரியும் மூன்று ஒளிக்கதிர்களின் வடிவம் அதனோடு சேர்ந்த சின்னம். தொல்பழங்காலத்து துருயிதப் பூசகரிடமிருந்து வழிவழியாக வந்தவை இவை என்று குடும்பத்தார் நம்பினர். ஆராய்ச்சியாளர் கண்டதோ வேறு.

அக்குறிச்சொல்லையும் சின்னத்தையும் உலகுக்கு அளித்தவர் யோலோ மோர்கானுக் என்னும் புனைபெயருடைய எட்வர்டு வில்லியம்ஸ்; காலம் 1747 முதல் 1826 வரை. கிளாமோர்கன் பகுதியைச் சார்ந்த கல்தச்சர் அவர், பெரும் கவிஞர், பழஞ்சுவடிகளைத் தேடித் தொகுத்த பேரறிஞர், அபின் கலந்த மருந்துக்கு அடிமையானவர், இவற்றோடு வெல்ஷ் இலக்கிய வரலாற்றிலேயே மிகப் பெரிய போலிச்சுவடிப் படைப்பாளி. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் டாவித் ஆப் குவிலிமின் கவிதைகள் 1789இல் இலண்டனில் அச்சானபோது, தாமே இயற்றிய கவிதைகளை அப்பெருங்கவிஞர் பாடியனவென்று அனுப்பிப் பின்னிணைப்பில் இடம்பெறச் செய்தார். 1792 ஜூன் 21ஆம் நாள் இலண்டனில் பிரிம்ரோஸ் குன்றின்மேல் கற்களை வட்டமாக அடுக்கி, கோர்செத் என்னும் கவிஞர் அவையைக் கூட்டினார். அது துருயிதர் காலத்திலிருந்து அறாது வந்த சடங்கென்று அறிவித்தார். 1819இல் கார்மார்தன் நகரில் நடந்த ஐஸ்டெத்வோட் விழாவோடு அவ்வவை இணைக்கப்பட்டது. 1926இல் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் தம் நூலில் மெய்ப்பிக்கும் வரை, டாவித்தின் பெயரிலிருந்த அக்கவிதைகளுள் பல உண்மையானவை என்றே எண்ணப்பட்டன.

அதே யோலோ மோர்கானுக், 1802இல் தென் வேல்ஸ் யூனிட்டேரியன் சங்கம் நிறுவப்படுவதற்கு முதன்மையான காரணர். அடிமை வணிகத்தை வெறுத்தவர்; தம் கடையில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சருக்கரையை விற்க மறுத்தவர். அவர் வளர்த்த சமயச் சபைகளின் நாட்டில் பிறந்து வளர்ந்தவரே ரிச்சர்டு. எனவே அக்குறிச்சொல் அக்குடும்பத்தை வந்தடைந்தது வியப்பன்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதென்று நம்பப்பட்ட அது, குடும்பம் கப்பலேறியபோது அரைநூற்றாண்டு வயதே உடையது.

உண்மையை உயர்த்திப் பிடிக்கும் ஒரு வாசகம், போலிச்சுவடிகள் புனைந்த கையிலிருந்து பிறந்தது என்பது குடிவழி தேடுவோரைத் திகைக்கவைக்கும். ஆயின் அத்திகைப்போடு தேடல் நின்றுவிடலாகாது. வாசகத்தின் வயது பொய். அதனைக் கொண்டு அக்குடும்பம் வாழ்ந்த வாழ்வு பொய்யன்று. பூட்டிய கதவுக்கு முன் நின்ற சபையும், போரை எதிர்த்துக் கப்பலேறிய முதியவரும், தனித்து நின்று பள்ளி நடத்திய சகோதரியரும் அவ்வாசகத்தின் பொருளுக்கு உரை எழுதியவர்கள். பழமையைக் கூறி மதிப்புத் தேடும் மொழிப்பற்று எந்த இனத்துக்கும் உரியதே. அப்பழமையை அளந்து பார்ப்பது அப்பற்றுக்குப் பகையன்று என்பதை வெல்ஷ் அறிஞர்களே மெய்ப்பித்தனர். போலியைக் கண்டறிந்த பின்னும் அவர்கள் கோர்செத் அவையைக் கலைத்துவிடவில்லை; அதன் வயதைத் திருத்தி எழுதிக்கொண்டு, கவிஞர்க்கு இருக்கை அளிப்பதைத் தொடர்ந்தனர்.

தாலியெசின்

1911இல் பிராங்க் லாயிட் ரைட் தாய்வழிக் குலத்தாரின் பள்ளத்தாக்கில் தமக்கென வீடு கட்டினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் தாலியெசின். ஆறாம் நூற்றாண்டில் ரெகெட் நாட்டு மன்னன் யூரியெனைப் பாடிய வெல்ஷ் கவிஞரின் பெயர் அது; ஒளிரும் நெற்றி என்று பொருள்படும். அக்கவிஞர் பெயரால் வழங்கும் பாடற்சுவடி பதினான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டது; அபெரிஸ்ட்வித் நூலகத்தின் செல்வங்களுள் ஒன்று. சுவடியிலுள்ள பாடல்களுள் சிலவே பழங்கவிஞருடையவை என்றும், ஏனையவை அவர் பெயரில் பின்னையோர் பாடியவை என்றும் அறிஞர் பகுப்பர். குன்றின் உச்சியை மூடாமல் அதன் நெற்றிபோல் பக்கச்சரிவைச் சூழ்ந்து வீடு அமைந்ததால், பெயர் கட்டடத்தின் இலக்கணமும் ஆயிற்று. பாட்டனின் மொழியைப் பேசாத தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், அம்மொழியின் மூத்த கவிஞரின் பெயரைக் கல்லிலும் மரத்திலும் எழுதினார்.

1914 ஆகஸ்ட் 15ஆம் நாள் அவ்வீட்டில் பணியாள் ஒருவன் தீ மூட்டி எழுவரைக் கொன்றான். ரைட் மீண்டும் கட்டினார். 1925இல் மறுபடி எரிந்தது, மறுபடியும் கட்டினார். 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற அவரது எட்டுக் கட்டடங்களுள் தாலியெசினும் ஒன்று. 1956இல், எண்பத்தொன்பது வயதில், பாங்கர் நகரில் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு முனைவர் பட்டம் பெறுவதற்காக அவர் அந்நாட்டுக்குச் சென்றார். தொப்பித் தொழிலாளி நீங்கிய நாடு, நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் பேரனை வரவேற்றது.

ஏடும் கதையும்

ரைட் தம் தன்வரலாற்றை 1932இல் வெளியிட்டார். தாய்வழிப் பாட்டனின் வரலாற்றுக்கு அதில் சிறப்பிடம் உண்டு. அவர் தம் பிறந்த ஆண்டை 1869 என்று பிற்காலத்தில் கூறிவந்தார். கணக்கெடுப்பு ஏடுகளும் பிற ஆவணங்களும் அவர் பிறந்தது 1867 என்று காட்டின. இன்று எல்லாக் கலைக்களஞ்சியங்களும் பின்னதையே ஏற்கின்றன. உலகை எதிர்த்து உண்மையை நிறுத்துவதாகச் சூளுரைத்த குடும்பத்தின் புகழ்மிக்க பேரர், தம் வயதைப் பொறுத்தவரையில் அக்குறிச்சொல்லைக் கடைப்பிடிக்கவில்லை. ஏடு அதைத் திருத்தியது; திருத்தியதால் அவர் கட்டிய வீடு சிறுத்துவிடவில்லை.

1959 ஏப்ரல் 9ஆம் நாள் மறைந்த அவர், யூனிட்டி ஆலயத்து இடுகாட்டில் தாயின் குலத்தாரோடு அடக்கம் செய்யப்பட்டார். 1985இல் அவர் மனைவி ஒல்கிவானா மறைந்தபோது, அவ்வம்மையாரின் விருப்பப்படி ரைட்டின் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, எரியூட்டப்பட்டு, சாம்பல் அரிசோனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அச்செயல் விஸ்கான்சினில் கடும் வருத்தத்தை விளைவித்தது. அந்த இடுகாட்டில் அவர் பெயர் தாங்கிய கல்லைக் காண்போர், கல் இருக்குமிடமெல்லாம் உடல் இருப்பதில்லை என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நானி என்ற சிறுமிக்கோ உடல் இருக்கும் இடத்தில் கணக்கெடுப்பு ஏட்டின் ஒரு வரியும் இல்லை.

ஒரு புலம்பெயர்ந்த மூதாதையைத் தேடுவோர்க்கு இக்குடும்பத்தின் வரலாறு கற்பிப்பது இதுவே. கதையை ஏட்டோடு ஒத்துப்பார்க்காமல் ஏற்பது, அரைநூற்றாண்டுப் பழமையை ஈராயிரமாண்டாகக் கொள்ளும் பிழைக்கு வழிவகுக்கும். ஏட்டில் இல்லாததால் கதையைத் தள்ளிவிடுவதோ, வழியோரத்தில் புதைக்கப்பட்ட குழந்தையை இரண்டாம் முறை புதைப்பதாகும். உண்மை இரண்டையும் வேண்டுகிறது. தேதியைத் திருத்தியும் பெயரைக் காத்தும் எழுதப்படும் குடிவழியே, உலகை எதிர்த்து நிற்கும் வலிவுடையது.